அருஞ்சொல் மயக்கம்

பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் அண்மையில் தன் குறிப்பேடு ஒன்றை எம்மிடம் காட்டினான். தாள்தோறும் அரிய ஆங்கிலச் சொற்களே நிறைந்திருந்தன. இடப்புறம் ஒரு சொல். வலப்புறம் அதற்குப் பொருளாக மற்றுமோர் ஆங்கிலச் சொல். நாளொன்றுக்குப் பத்துச் சொல் வீதம் நெட்டுருப் போடுவதாகப் பெருமிதத்தோடு கூறினான். 'பிலாந்திரோப்பி' என்னும் சொல்லைச் சுட்டி, "இதன் பொருள் யாது, தம்பி?" என்றோம். "பெனவலன்சு, ஐயா" என்றான். "அதன் பொருள் யாது?" என்றோம். விழித்தான். "தமிழில் சொல்" என்றோம். தலைகுனிந்தான். அதே தாளின் அடியில் 'கேட்டமரான்' என்றொரு சொல்லும் இருந்தது. அது நம் கட்டுமரந்தான் என்பதையும் அப்பிள்ளை அறியான்! தன் வீட்டுப் பொருளையே அயலான் கடையில் விலைகொடுத்து வாங்கி வந்திருக்கிறான்.

அவனை எள்ளி நகையாட எமக்கு உரிமையில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், கல்லூரிப் படிப்பை முடித்து முதன்முதலாக ஆசிரியப் பணிக்கு நேர்காணல் சென்றபோது, தமிழ் படித்தவனுக்கு ஆங்கிலம் தெரியாது என எவரும் எண்ணிவிடலாகாதே என்று அஞ்சி, முன்னாளிரவே அருஞ்சொற்கள் சிலவற்றை உருப்போட்டுச் சென்றோம். "தமிழ்த்தொண்டே என் வாழ்வின் 'பெனல்ட்டிமேட்டு' குறிக்கோள்" என்று முழங்கினோம். 'அல்ட்டிமேட்டு' உயர்ந்ததாயின் 'பெனல்ட்டிமேட்டு' அதனினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது எம் கணிப்பு! நேர்காணலில் இருந்த பெரியவர் ஒருவர் முறுவலித்து, "அங்ஙனமாயின் உம் கடைசிக் குறிக்கோள் எது?" என வினவினார். கடைசிக்கு முந்தியது என்பதே அச்சொல்லின் பொருள் என்பது வீடு திரும்பி அகரமுதலியைப் புரட்டிய பின்னரே விளங்கிற்று.

நாணத்தினும் பெரிதாக எம்மைச் சுட்டது வேறொன்று. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீராய் வரும் என்பதைக் கல்லூரியில் கற்றுத் தேர்ந்தவர் யாம். ஈற்றுக்கு அயலில் நிற்பது ஈற்றயல். இச்சொல்லை முன்பின் கேளாத உழவனும், ஈறு, அயல் எனப் பிரித்துச் சொன்ன அளவில் விளங்கிக்கொள்வான். 'பெனல்ட்டிமேட்டு' என்பதும் அவ்வாறு ஆக்கப்பட்டதே. இலத்தீனில் 'பேனே' என்றால் ஏறத்தாழ, 'உல்த்திமுசு' என்றால் கடைசி. எம்மிடம் முன்னமே இருந்த அறிவை ஆங்கில வடிவில் கண்டபோது எமக்கு அடையாளம் தெரியவில்லை. உருப்போட்ட சொல் வாயில் இருந்தது. பொருளோ உள்ளத்தில் இல்லை.

ஆங்கிலத்தின் அருஞ்சொற்கள் ஏன் இத்துணை இருண்டு கிடக்கின்றன? அம்மொழியின் வரலாறே அதற்குக் கரணியம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், ஆள்வோர் மொழி பிரெஞ்சாகவும் உழைப்போர் மொழி ஆங்கிலமாகவும் நின்றன. ஆடு மேய்த்தவன் அதனைச் 'சீப்பு' என்றான். அதன் இறைச்சியைத் தின்றவன் 'மட்டன்' என்றான். பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் புலவர்கள் கிரேக்க, இலத்தீன் நூல்களிலிருந்து சொற்களை மூட்டை மூட்டையாக இறக்கினர். விளைவு என்ன? கண்ணுக்கு 'ஐ' என்பது ஆங்கிலம். கண்ணைச் சார்ந்ததைக் குறிக்கும் 'ஆக்குலர்' இலத்தீன் வழியது. கண் மருத்துவரைக் குறிக்கும் 'ஆப்தால்மாலசிசுட்டு' கிரேக்க வழியது. ஒரு கண்ணுக்கு மூன்று மொழி! நமக்கோ கண், கண்ணீர், கண்ணாடி, கண்காணிப்பு, கண் மருத்துவர் என எல்லாம் ஒரே வேரில் தழைத்த கிளைகள்.

இவ்விருளில் முதலில் தடுமாறியவர் ஆங்கிலேயரே என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகரமுதலியை 1604-இல் இராபர்ட்டு காட்ரி என்பார் வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 சொற்கள் கொண்ட அச்சிறு நூல் மொழியின் எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூற எழுந்ததன்று. பிறமொழிகளிலிருந்து வந்த கடுஞ்சொற்களை அந்நாட்டு மக்களுக்கே விளக்க எழுந்தது. தன் மொழியில் எழுதியதைப் படிக்கத் தன் மக்களுக்கே உரைநூல் வேண்டியதாயிற்று என்றால், அக்கடன் எத்துணைப் பெருங்கடன்!

அக்கடனை எதிர்த்துக் குரல் கொடுத்த சான்றோரும் அங்கு இருந்தனர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சர் சான் சீக்கு, ஆங்கிலத்தைப் பிறமொழிக் கலப்பின்றித் தூயதாக எழுதல் வேண்டும் என 1557-இல் தம் நண்பருக்கு மடல் எழுதினார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் 'செஞ்சூரியன்' என்னும் இலத்தீன் வழிச் சொல்லை விலக்கி, நூறு என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே 'அண்டிரடர்' எனப் புதுச்சொல் ஆக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பார்ன்சு என்னும் பாவலர், நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர், இலக்கணத்துக்குப் 'பேச்சுக்கலை' எனவும், பறவையியலுக்குப் 'பறவையறிவு' எனவும் பொருள்படும் தூய ஆங்கிலச் சொற்களைப் படைத்தார். தனித்தமிழைக் குறுகிய நோக்கென்று இகழும் நம்மவர் இவர்களை என்னென்பர்?

இக்காலத்தும் அக்குரல் ஓயவில்லை. சிறுசொல் போதுமிடத்துப் பெருஞ்சொல் வேண்டா என 1946-இல் சார்சு ஆர்வெல் எழுதினார். எளிய ஆங்கிலம் வேண்டிய இயக்கத்தினர் 1979-இல் இலண்டன் பாராளுமன்றத் திடலிலே விளங்காத அரசுப் படிவங்களைத் துண்டு துண்டாக்கிக் கிளர்ச்சி செய்தனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் செல்வோர் எழுதும் பொதுத்தேர்வுக்கென நம் இளைஞர் ஆயிரக்கணக்கான சொற்களைப் பட்டியலிட்டு உருப்போட்டு வந்தனர். அத்தேர்வை நடத்துவோரே, இடஞ்சாராத சொல் நெட்டுருவினும் படித்துப் பொருளுணரும் ஆற்றலே பெரிதெனக் கருதி, எதிர்ச்சொல் வினாக்களையும் ஒப்புமை வினாக்களையும் 2011-இல் நீக்கிவிட்டனர். அவர்கள் எறிந்த சுமையை நாம் இன்னும் தலையில் வைத்திருக்கிறோம்.

அங்ஙனமாயின் ஆங்கிலத்தின் அருஞ்சொற்களைக் கற்க வேண்டாவா? கற்க வேண்டும். மொழிஞாயிறு பாவாணர் உலகின் முதன்மொழி தமிழே எனும் தம் ஆய்வை 1966-இல் ஆங்கிலத்திலேயே நூலாக்கினார். அயலார் அவையில் வாதிட அவர் மொழியின் நுட்பம் வேண்டும். அறிவியலும் சட்டமும் மருத்துவமும் அச்சொற்களைத் தாங்கியே வருகின்றன. ஆயின் கற்கும் முறையை மாற்றுதல் வேண்டும்.

முதற்கண், சொல்லை வேரோடு பற்றுக. கிரேக்கத்தில் 'பிலோ' என்பது அன்பைக் குறிக்கும். 'ஆந்திரோப்போசு' என்பது மாந்தனைக் குறிக்கும். 'மிசோ' என்பது வெறுப்பைக் குறிக்கும். 'சோப்பியா' என்பது அறிவைக் குறிக்கும். இந்நான்கும் தெரிந்தவனுக்குப் 'பிலாந்திரோப்பி' மாந்தரிடத்து அன்பு, 'மிசாந்திரோப்பி' மாந்தரிடத்து வெறுப்பு, 'ஆந்திரோப்பாலசி' மாந்தவியல், 'பிலாசபி' அறிவின்பால் காதல். நான்கு வேர் நாற்பது சொல்லைத் தாங்கும். 1949-இல் அமெரிக்கர் நார்மன் இலூயிசு எழுதி, இன்றும் நம் நடைபாதைக் கடைகளில் விற்கும் சொல்வள நூலும் இவ்வழியிலேயே கற்பிக்கின்றது.

இரண்டாவதாக, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழ்ப்பொருளை எழுதுக. தாய்மொழியில் சொல்ல இயலாத சொல் நமக்கு விளங்காத சொல்லென்றே கொள்க. மூன்றாவதாக, அச்சொல் பயின்ற சொற்றொடர் ஒன்றையேனும் உடனெழுதுக. இறுதியாக, கற்ற அருஞ்சொல்லைப் பிறர் நூலைப் படிக்கப் பயன்படுத்துக. பிறரை அச்சுறுத்தப் பயன்படுத்தற்க.

இவ்வறிவுரை ஆங்கிலம் கற்போர்க்கு மட்டுமன்று. தனித்தமிழ் அன்பர்களே, நமக்குந்தான். நம் தோழர் சிலரும் எவர்க்கும் விளங்காத பழஞ்சொற்களைத் தேடியெடுத்துத் துண்டறிக்கையில் அடுக்கி, படித்தவன் மிரண்டால் அதனையே வெற்றியெனக் கொள்கின்றனர். ஆங்கில அருஞ்சொல்லால் எளியவனை மிரட்டுவது செருக்காயின், தமிழ் அருஞ்சொல்லால் மிரட்டுவதும் செருக்கே. வானொலியும் மிதிவண்டியும் பேருந்தும் மக்கள் நாவில் ஏறியமைக்குக் கரணியம் என்ன? கேட்ட அளவில் பொருள் விளங்கியமையன்றோ? விளக்கமே தமிழின் வலிமை. அதனை நாமே இருளாக்கலாமா?

அம்மாணவனுக்குப் 'பிலாந்திரோப்பி'யைப் பிரித்துக் காட்டினோம். "மாந்தரிடத்து அன்பா, ஐயா? இவ்வளவுதானா?" என்றான். அவன் முகத்தில் அச்சம் அகன்றது. அன்று முதல் அவன் குறிப்பேட்டில் மூன்றாவது பத்தி ஒன்று தோன்றியிருக்கிறது, அது தமிழுக்குரியது. வீடுதோறும் பிள்ளைகளின் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். அம்மூன்றாம் பத்தி இல்லையாயின், இன்றே அவர்களோடு அமர்ந்து கோடு கிழித்துக் கொடுங்கள். பொருளறிந்து கற்ற அயற்சொல் நமக்குக் கருவி. பொருளறியாது சுமந்த அயற்சொல் நமக்குத் தளை. கருவியைக் கைக்கொள்வோம், தளையை அறுப்போம்!