மேலிருந்து தெரியாத ஊர்

சென்னையை உயரத்திலிருந்து பார்க்க எங்கே போகலாம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். இரண்டு இடங்கள் சொல்வேன். ஒன்று, சுமார் 300 அடி உயரப் பரங்கிமலை. படியேறிப் போனால் விமான நிலைய ஓடுபாதை காலடியில் கிடக்கும். இன்னொன்று, 1977இல் செயல்படத் தொடங்கிய மெரினா கலங்கரை விளக்கம். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மயிலாப்பூர், கீழே நொச்சிக்குப்பம்.

நல்ல இடங்கள்தான். ஆனால் கூவம் கரைக் குடிசைகள் எங்கே போயின என்பது அங்கிருந்து தெரியாது.

அதற்கு மூன்றாவது இடம் ஒன்று உண்டு: பெரும்பாக்கம். ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களை அரசு குடியேற்றிய எட்டுத்தள அடுக்ககங்கள். அங்கே கணிசமானோர் தலித் மக்கள். மேல்தளத்திலிருந்து சதுப்பு நிலம் தெரியும், ஐ.டி. நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். வேலையும் பள்ளியும் சொந்தபந்தமும் இருந்த பழைய இடம் மட்டும் தெரியாது. அது சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி.

இதுபோன்ற ஒரு குடியிருப்புக்குக் களப்பணிக்குப் போனேன். அன்று லிஃப்ட் ஓடவில்லை. தண்ணீர்க் குடத்தோடு படியேறிய அக்கா ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்க நின்றார். "மேலேருந்து பார்த்தா எல்லாம் அழகாத்தான் இருக்கு தம்பி. எங்க ஊருதான் தெரியல" என்றார்.

கிராமம் சேரியை ஊருக்கு வெளியே வைத்தது. மாநகரம் அதையே மாடி கட்டி வைத்திருக்கிறது. உயரம் வேண்டாம், வாழ்ந்த இடத்திலேயே வீடு கொடுங்கள்.