பூனைக்கும் பத்தியம்

சென்ற இதழில் கோடை வத்தல்களைப் பற்றி எழுதினேன். இந்த முறை பூனை. "வீட்டில் மனுஷருக்கே பத்தியச் சமையல் செய்து மாளவில்லை, இவளுக்குப் பூனைப் பத்தியம் ஒரு கேடா?" என்று நீங்கள் முகவாயில் கை வைத்துக் கொள்வது எனக்குத் தெரிகிறது சகோதரிகளே. நானும் ஆறு மாதத்துக்கு முன்னால் அப்படித்தான் சிரித்தேன்.

எங்கள் செல்லிக்கு வயது ஆறு. வீடு தேவதானப்பட்டியில் தேனி சாலையை ஒட்டி இருக்கிறது. இதற்கு முன் வளர்த்த பூனையை ஒரு விடியற்காலையில் ஏதோ லாரி அடித்துப் போட்டுவிட்டது. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதனால் செல்லி வந்த நாளிலிருந்து வாசல் கதவு சாத்தியே இருக்கும். உரிய வயதில் கருத்தடை ஆபரேஷனும் செய்துவிட்டோம். உள்ளேயே தூக்கம், உள்ளேயே சாப்பாடு. வளர்ந்தது, வளர்ந்தது, திண்டு மாதிரி ஆகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம், "அடேயப்பா, நல்லா வளத்திருக்கீங்களே!" என்று சொன்னால் எங்களுக்கும் பெருமை தாங்காது.

ஒருநாள் அதன் வாலடியில் முடி சடைபிடித்துப் பொடுகாகக் கிடந்ததைப் பார்த்தேன். பூனை எத்தனை சுத்தமான ஜீவன்! ஒரு நாளைக்கு எத்தனை தரம் தன்னை நக்கித் துடைத்துக்கொள்ளும்! இது ஏன் இப்படி என்று கவனித்தால், நக்குவதற்குத் திரும்புகிறது, வயிறு இடிக்கிறது, முதுகு எட்டவில்லை. பாதியில் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது.

கூடையில் போட்டு ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். எனக்கு முன்னால் இரண்டு வெள்ளாடு, ஒரு கன்றுக்குட்டி. தராசில் வைத்தால் செல்லி 6 கிலோ 800 கிராம்! "இதோட எலும்புக்கட்டுக்கு நாலரை கிலோ இருந்தால் போதும்மா," என்றார் டாக்டர். அதிக எடையில் பூனைக்கும் நம்மைப் போலவே சர்க்கரை நோய் வரும், மூட்டு தேயும் என்றார். கருத்தடை செய்த பூனைக்குச் சாப்பாட்டுத் தேவை ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடுமாம், ஆனால் பசி கூடுமாம். அது நமக்குத் தெரிகிறதா? பழைய அளவையே வைக்கிறோம், அதற்கு மேலும் வைக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பூனை குண்டா இல்லையா என்று பார்க்கத் தராசு கூட வேண்டாம். கையைத் தட்டையாக நீட்டி வைத்துக்கொண்டு புறங்கை எலும்புகளைத் தடவிப் பாருங்கள். பிறகு பூனையின் விலாவைத் தடவுங்கள். அதே மாதிரி எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினாலும் கிடைக்கவில்லை என்றால் சதை அதிகம். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் கொஞ்சம் இடுப்பு தெரிய வேண்டும். பின்காலுக்கு முன்னால் தொளதொளவென்று தொங்குகிற தோல் மடிப்பு மட்டும் ஒல்லிப் பூனைக்கும் உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் கெய்ர்ன்ஸ் என்ற ஊரில் ஹிம்மி என்று ஒரு பூனை இருந்தது. 21 கிலோவுக்கும் மேல் எடை! நடக்க முடியாமல் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்களாம். 1986-ல் பத்து வயதில் மூச்சுத் திணறிச் செத்தது. அப்புறம் கின்னஸ்காரர்கள், சாதனை என்று சொல்லி வாயில்லா ஜீவனைத் திணித்துத் திணித்துக் கொல்வார்கள் என்று, அந்தக் கணக்கையே எடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

சரி, இன்றைக்கே பட்டினி போட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து. நாம் ஏகாதசி, சஷ்டி என்று ஒரு நாள் பட்டினி கிடக்கலாம். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்து, காமாலை கண்டு உயிருக்கே வந்துவிடும். அதனால் எடையை வாரத்துக்கு நூற்றில் ஒரு பங்குதான் இறக்க வேண்டும் என்றார் டாக்டர். செல்லிக்கு அது 60, 70 கிராம். ஒரு எலுமிச்சம்பழ எடை கூட இருக்குமோ என்னவோ!

அதற்கு என்ன கொடுக்கிறோம் என்று டாக்டர் கேட்டார். காலையில் பால், பகலில் நெய் விட்ட பருப்புச் சோறு, கொஞ்சம் கருவாடு, ராத்திரி மறுபடியும் பால்சோறு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கணக்குப் போட்டார். நாலரை கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். நூறு மில்லி எருமைப்பாலிலேயே அதில் பாதி வந்துவிடுகிறது! ஒரு ஸ்பூன் நெய் 45 கலோரி. எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் குடம் குடமாக நெய் இருந்தாலும் எறும்பு அண்டாது என்பார்கள். எங்கள் வீட்டு நெய்க்கிண்ணத்துக்கு அந்த மகிமை இல்லை.

பூனைக்குப் பால்தான் ஆகாரம் என்பது நாமாகச் சொல்லிக்கொள்வது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். அது மாமிசம் தின்னப் பிறந்த பிராணி. மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் அதற்குக் கண்ணும் இருதயமும் கெடும் என்று 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் பூனைக்கென்று விற்கிற பாக்கெட் தீனியில் அதைச் சேர்க்கிறார்கள். நாய்த் தீனியைப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. கருவாட்டில் உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு விஷத்துக்குச் சமம். செல்லிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது: பாக்கெட் தீனி 40 கிராம், உப்புப் போடாமல் வேகவைத்த கோழி 20 கிராம், நாலு வேளையாகப் பிரித்து. இது செல்லிக்கு உள்ள அளவு, உங்கள் பூனைக்கு அதன் டாக்டரைக் கேளுங்கள். பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றினேன்.

உடற்பயிற்சி என்றால் நாயைப் போலக் கயிறு கட்டி நடத்த முடியுமா? பூனை ஓட்டப்பந்தய ஆள் இல்லை. பதுங்கும், பாயும், உட்கார்ந்துவிடும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை போதும். விடியலிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும்தான் அதற்கு வேட்டைப் புத்தி வரும். விளக்குமாற்றுக் குச்சியில் நூல் கட்டி, நுனியில் கோழி இறகு வைத்துத் தரையில் இழுத்தேன். முகத்துக்கு நேரே ஆட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. கதவிடுக்கில் ஓடி ஒளிகிற எலி மாதிரி இழுக்க வேண்டும். முதல் நாள் படுத்தபடியே ஒரு கையை நீட்டியது, அவ்வளவுதான். நாலாம் நாள் எழுந்து இரண்டடி வந்தது. கடைசியில் இறகு அதன் பிடியில் சிக்கவேண்டும், உடனே சாப்பாடு வைக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தைத் துரத்த விட்டால் கையில் ஒன்றும் அகப்படாமல் வெறிதான் பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் நூலை எடுத்து பீரோவில் பூட்டுங்கள். விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும். ஊசி நூலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் பகல் நேரம் வேண்டவே வேண்டாம். வாயைத் திறந்து இரைத்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் உயரமாகத் தாண்ட விடாமல் மணைப்பலகை உயரத்தில் தொடங்கினேன்.

வாரா வாரம் பலசரக்குக் கடைத் தராசில் கூடையோடு வைத்து எடுப்பேன். கடைத் தம்பி, "கிலோ என்ன விலைக்கா?" என்று கேட்காத வாரம் இல்லை. முதல் மாதம் 250 கிராம் இறங்கியது. அடுத்த இரண்டு வாரம் இறங்கவே இல்லை, 50 கிராம் ஏறியும் விட்டது. தராசு கோளாறோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அத்தை அறையில் கட்டிலுக்கு அடியில் பெருக்கினால் ஒரு எவர்சில்வர் கிண்ணம். உள்ளே பால் ஏடு காய்ந்திருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தை, நான் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுறேன், நீங்க இப்படிப் பண்ணினா எப்படி?" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏந்தாயி, உங்க மாமா போனப்புறம் எங்கிட்ட வந்து சோறு கேக்குற ஜீவன் இது ஒண்ணுதான். எனக்குத்தான் சர்க்கரைன்னு நெய்யும் இல்ல, பாலும் இல்ல. அது வந்து கையை நக்குனா நான் என்னத்தச் சொல்றது?" என்றார்கள்.

எனக்கு நாக்கு எழவில்லை. அடுப்படியை நான் கையில் எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. அவர்களுக்கு முடியவில்லை, பாவம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இருபது பேருக்குப் பரிமாறின கை அது. இப்போது தன் தட்டையே நான் வைத்தபடி வாங்கிக்கொள்கிறது. இதை நான் ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் செல்லியின் பாக்கெட் தீனி முழுவதையும், சின்னத் தராசையும் அத்தை அறையிலேயே கொண்டுபோய் வைத்தேன். "இனிமே நீங்கதான் போடணும் அத்தை. காலையில 40 கிராம் நிறுத்து டப்பாவில் வச்சுடுங்க. அதை நாள் பூரா எப்படிக் கொடுத்தாலும் சரி," என்றேன். அவர்கள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தராசு முள்ளைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அதற்கு மேல் நடந்ததெல்லாம் அவர்கள் வேலை. பரணிலிருந்து பழைய பல்லாங்குழியை இறக்கச் சொன்னார்கள். பதினாலு குழியிலும் இரண்டிரண்டு உருண்டை போட்டார்கள். செல்லி தலையை விட்டுப் பார்த்தது, வாய் புகவில்லை. பிறகு முன்னங்கையால் தோண்டி ஒவ்வொன்றாக வெளியே தள்ளித் தின்றது. அரை நிமிஷத்தில் விழுங்குகிறதைத் தின்ன கால் மணி நேரம் ஆகிறது. கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அடியில் ஒன்று, ஜன்னல் திட்டில் ஒன்று, மாடிப்படியில் படிக்கு ஒன்று என்று ஒளித்து வைக்கவும் ஆரம்பித்தார்கள். அதற்காக அத்தையும் படி ஏறி இறங்குகிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, பின்னாலேயே நின்றுகொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை செல்லி 5 கிலோ 400. இன்னும் போக வேண்டியது இருக்கிறது. முதுகை நக்குகிறது, வாலடி மட்டும் இன்னும் சரியாக எட்டவில்லை, அங்கே நான் சீப்பால் வாரிவிடுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கிறபோது அத்தை அறையிலிருந்து சத்தம் கேட்கிறது: "அடியே, அந்தக் குழி என்னோடது, கள்ள ஆட்டம் ஆடாதே!"