சின்னப் பூங்காவுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்கா என்றால் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் டிஸ்னியைத் தாண்டுவதில்லை. ஆனால் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், எலிஸ்பர்க் அருகே மரங்களுக்கு நடுவே 1926 முதல் நடக்கிறது க்னோபல்ஸ் பூங்கா.

நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தவும் காசு இல்லை. ஏறுகிற ராட்டினத்துக்குச் சீட்டு வாங்கினால் போதும். தலைசுற்றலுக்குப் பயந்த பாட்டி, பேரனை ஏற்றிவிட்டு நிழலில் செலவில்லாமல் உட்காரலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அங்குள்ள ‘ஃபீனிக்ஸ்’ மர ரோலர் கோஸ்டரின் கதை தனி. டெக்சாஸின் சான் அன்டோனியோவில், மூடப்பட்ட பூங்காவில் கிடந்ததைப் பிரித்துக் கொண்டுவந்து 1985-இல் மறுபடி ஓடவிட்டார்கள். 1913-ஆம் ஆண்டுக் குதிரை ராட்டினத்திலோ, சுற்றும்போதே கைநீட்டி வளையம் பறிக்கலாம்; பித்தளை வளையம் சிக்கினால் இன்னொரு சுற்று இலவசம்.

குளிர்காலத்தில் அங்கே ராட்டினங்கள் ஓடாது. இருந்தாலும் பயணப் பக்கத்தில் இப்படிப்பட்ட பூங்காக்களையும் எழுதுங்கள்.

— ஒரு வாசகர்