சாரி கார்டு இல்லாத வண்டி

சாமைச் சோறு குழையாமல் வடிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் நிற்பது ஒரு பைக். "வீட்டுக் குறிப்பு எழுதுகிறவளுக்கு பைக் கதை எதற்கு?" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. ஓட்டுவது யாராக இருந்தாலும் பின்னால் உட்காருவது பெரும்பாலும் நாம்தானே!

எங்கள் ஊர் சித்தேரி, தர்மபுரி மாவட்டத்து மலையூர். அரூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வர வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் வரும் வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். என் மகள் அரூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். வயது 24. இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தாள். நகை வாங்கப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "அம்மா, நான் செகண்ட் ஹேண்டுல ஒரு பெரிய பைக் பார்த்திருக்கேன். வேலைக்கும் ஆச்சு, லீவு நாள்ல தூரமாப் போகவும் ஆச்சு. கன்னியாகுமரி வரைக்கும் போய்ட்டு வரணும்னு ஆசைம்மா" என்றாள்.

என் மாமியார் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார். "பொட்டப் புள்ள புல்லட்டு ஓட்டினா ஊரு என்னடி பேசும்?"

அன்றைக்கு அவள் எங்களிடம் சொன்னது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கதை. எல்ஸ்பெத் பியர்ட் என்று பெயர். லண்டனில் கட்டடக் கலை படித்த மாணவி. 1974-ம் வருஷத்து பி.எம்.டபிள்யூ பைக் ஒன்றைப் பழையதாக வாங்கி, 1982-ல் தன்னந்தனியாக உலகம் சுற்றக் கிளம்பினாராம். 1984-ல் ஊர் திரும்பும்போது 35,000 மைல் ஓட்டியிருந்தார். வழியில் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் தங்கி வேலை பார்த்த மாதங்களில், அலுமினியத் தகடு வாங்கி, பூட்டுப் போடுகிற மாதிரி சாமான் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்து வண்டியில் மாட்டிக்கொண்டார். பிறகு பினாங்கிலிருந்து கப்பலேறி நம் சென்னையில்கூட வந்து இறங்கியிருக்கிறார். "அவங்க புது வண்டி வாங்கலைம்மா. பழைய வண்டியைத்தான் தனக்கு ஏத்த மாதிரி பண்ணிக்கிட்டாங்க" என்றாள் மகள்.

எங்க வீட்டுக்காரர் கடைசியில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "மாடு வாங்கினா பல்லைப் பார்க்கிறோமில்ல? இதையும் நாலு பேரை வெச்சுப் பார்த்து வாங்கு."

அப்படித்தான் பார்த்தோம். நானும் கூடப் போனேன். போய்க் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய வண்டி பார்க்கப் போகும்போது, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஆறிய என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும். சைலன்சரில் நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டை நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடித்துப் போகும்.

அடுத்தது காகிதம். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே வண்டியிலும் இருக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்கான சான்றும் 35-ம் எண் படிவமும் வேண்டும். பெயர் மாற்ற 29, 30 எண் படிவங்கள். வாங்கியவர் 30 நாளைக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், நாளைக்கு ஒன்று ஆகும்போது அலைய வேண்டியது நாம்தான்.

எல்லாம் சரியாக இருந்தது. ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350, 2014 மாடல். தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. டேங்கில் 20 லிட்டர் பிடிக்கும். எடை 190 கிலோவுக்கு மேல். அதுவரை ஸ்கூட்டி ஓட்டிய பெண், பத்து நாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஸ்டாண்டு போடவும், தள்ளவும், திருப்பவும் பழகினாள். பிறகுதான் ரோட்டுக்கு வந்தாள்.

நாங்கள் அவ்வளவு பார்த்தும் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. முன்பு வைத்திருந்தவர் அழகுக்காகப் பின் மட்கார்டைக் குட்டையாக்கி, பின்கைப்பிடியையும் சாரி கார்டையும் கழற்றிவிட்டிருந்தார். சைலன்சரும் ஊரையே எழுப்புகிற ரகம். கழற்றிய சாமானெல்லாம் ஒரு கோணிப்பையில் கட்டிக் கொடுத்தார். நாங்கள் அதைப் பரணில் போட்டுவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளுடன் அரூர் சந்தைக்குக் கிளம்பினேன். ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். பிடித்துக்கொள்ள இடமில்லை, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மலை இறங்கிச் சமதரைக்கு வந்ததும் காற்று அடித்தது. திடீரென்று யாரோ பின்னால் நின்று என் கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. என் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டுவிட்டது. "ஐயோ கண்ணு, நிறுத்து!" என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா, தெரியாது. அவள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டாள். நான் ரோட்டோரம் மண்ணில் விழுந்தேன். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்தது. கழுத்தில் ஒரு சிவந்த கோடு பத்து நாள் இருந்தது. டீக்கடை அக்கா ஒருவர் கத்தியைக் கொண்டு ஓடி வந்து புடவையை அறுத்துவிட்டார். மகள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டில் சொன்னதும், "நாளைக்கே வித்துப்போடு" என்றார் அவர். மாமியார், "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். மகள் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை எடுத்து அப்பா முன்னால் வைத்துவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பொண்ணு ஓட்டியதில் குற்றமில்லை, வேகமாகப் போனதும் இல்லை. கழற்றி எறிந்த ஒரு கம்பியால் வந்த வினைக்கு அவள் ஆசையை விற்பதா? "பரண்ல இருக்கிற கோணியை எடு" என்றேன்.

மெக்கானிக் தம்பி எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, இது வெறும் அலங்காரம் இல்லையாம். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியே இதற்கென்று இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், அவர் துணி சக்கரத்தில் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு, இத்தனையும் இருக்க வேண்டும். அதோடு, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ம் வருஷச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறதாம். ஊரை எழுப்பும் சைலன்சரும் அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு மகள் தன் தேவைக்குச் சேர்த்தது கொஞ்சம்தான். சீட்டு ஸ்பாஞ்சைச் சற்றுச் செதுக்கி, இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்றும்படி செய்துகொண்டாள். மலைப் பனிக்காற்றுக்கு ஒரு முன் கண்ணாடி. இரண்டு பக்கமும் சாமான் பை. காவடி மாதிரி இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். கனமானது அடியில், லேசானது மேலே. எல்லாவற்றையும் பின்னால் கட்டினால் முன் சக்கரம் லேசாகி வண்டி ஆட்டம் காணும். மலை இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வராமல், சின்ன கியரில் என்ஜின் பிடியிலேயே இறங்குகிறாள்.

பின்னால் உட்காரும் நமக்கும் சில வேலை உண்டு. தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டா என்றால் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கும் ஹெல்மெட் கட்டாயம். பின்னால் ஒரே ஆள்தான். துணி சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். உடனே நிறுத்தச் சொல்லி, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினால் துணி விடுபடும். கழுத்து இறுகினால் யோசிக்காமல் அறுத்துவிட வேண்டும். இளம் தாய்மார்களுக்கு ஒன்று. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு அளவான ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2023-லிருந்து நடப்பில் உள்ள விதி.

போன மாதம் என்னை ஒகேனக்கல் கூட்டிப் போனாள். போகும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி, திரும்பிப் பார்த்து, "தலைப்பு சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள். கன்னியாகுமரிக்குத் தை மாதம் போவதாகத் திட்டம். இப்போதெல்லாம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டாலே, திண்ணையில் சாமை புடைக்கிற என் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, முந்தானையைச் செருகிக்கிட்டியா?" என்று குரல் கொடுக்கிறார்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியையும் இன்று சாயங்காலம் ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். சாரி கார்டு இருக்கிறதா?