பவளத்தை வாங்காதீர்கள், பாசியை வளருங்கள்

நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் மீட்டர்கேஜ் பாதையில் இன்னும் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. டிப்ளமா முடித்து வந்த எனக்கு லோகோ ஷெட்டில் கொடுத்த முதல் வேலை தண்ணீரைப் பரிசோதிப்பது. கொதிகலனுக்குள் போகும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் குழாய்களின் மேல் அது ஓடு ஓடாகப் படியும். சூடு தண்ணீருக்குள் இறங்காது, நிலக்கரி வீணாகும், கவனிக்காமல் விட்டால் குழாயே பழுதாகிவிடும். எனவே சுண்ணாம்பு எங்களுக்கு எதிரி. இன்று 67 வயதில், கொழிஞ்சாம்பாறை வீட்டு முன்னறையில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, அதே சுண்ணாம்பைச் சொட்டுச் சொட்டாக நானே விட்டுக்கொண்டிருக்கிறேன். "ஆயுசு முழுக்க எடுத்ததை இப்பத் திருப்பிப் போடறீங்களா?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கடல்மீன் தொட்டி வைக்கும் ஆசை இப்போது பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் பரவியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் தொட்டி வைத்த மறுவாரமே அதில் பவளம் பூத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் எனக்கு மாறுபட்ட கருத்து.

வேறு யாரையோ சொல்லவில்லை. என் மாப்பிள்ளையே போன வருடம் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி, விரல் விரலாகக் கிளைத்த பவளத் துண்டொன்றைக் கொண்டுவந்தார். "மாமா, உங்க தொட்டிக்குத்தாங்க" என்றார். எங்கே வாங்கினது என்று கேட்டேன். கோவையில் ஒரு கடை. ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு என்று கடைக்காரரே பெருமையாகச் சொன்னாராம். பில் இருக்கிறதா என்றேன். பில் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தாராம். நான் அதைத் தொட்டியில் விட மறுத்துவிட்டேன். பேரன் முகம் வாடிப் போயிற்று. "ஏன் அப்புச்சி, அது உயிரோடதான இருக்குது?" என்று கேட்டான். உயிரோடு இருந்ததுதான் பிரச்சினை என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வீட்டுச் சிறிய தொட்டியில் மூன்று வாரத்தில் அது வெளுத்துச் செத்தது. அதன் பிறகு இரண்டு மாதம் என் போனை எடுக்கவில்லை.

2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. உடைத்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம், மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. கடைகளில் 'உயிர்க்கல்' என்று விற்பதும் பெரும்பாலும் பவளப்பாறையை உடைத்து எடுத்ததுதான். இதைச் சொன்னால், "யாருங்க வீட்டுக்குள்ள வந்து பார்க்கப் போறாங்க?" என்கிறார்கள். அது வேறு விஷயம்.

நானும் யோக்கியனல்ல. 1980களில் சில மாதம் பாம்பன் பாலத்தில் பராமரிப்பு வேலை பார்த்தேன். 1914இல் திறந்த பழைய பாலம் அது. லீவில் ஊருக்கு வரும்போது ராமேஸ்வரத்துக் கடைவீதியில் வெள்ளைப் பவளத் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். பல வருடம் எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில் அதுதான் கைலாச மலை. அன்று அந்தக் கரையில் பவளக்கல்லை வெட்டி வீட்டுச் சுவருக்கு வைத்தார்கள், சூளையில் இட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. மன்னார் வளைகுடாவில் 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தபோது 21 தீவுகளைச் சேர்த்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்ததை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தாங்கும் தடுப்பு போனால் மணல் எப்படி நிற்கும்? ரயில் பாதையின் கரையில் கருங்கல் ஏன் அடுக்குகிறோம் என்று தெரிந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெட்டுவது நின்றது, வெப்பம் வந்தது. 2010இலும் 2016இலும் கோடையில் கடல்நீர் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப்பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து சுமார் 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கான்கிரீட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டு, 2002 முதல் மெல்ல மெல்ல வளர்த்து வருகிறார்கள். ஒரு பக்கம் அவர்கள் விரல் அளவுத் துண்டை நட்டுப் பல வருடம் காத்திருக்க, இன்னொரு பக்கம் நாம் அதையே பையில் கட்டி வாங்குவதா?

சரி, பவளம் இல்லாமல் தொட்டி எதற்கு என்று கேட்பீர்கள். கோரலைன் என்னும் சுண்ணாம்புப் பாசி இருக்கிறது. செம்பாசி இனத்தைச் சேர்ந்தது. தன் உடல் சுவர்களிலேயே சுண்ணாம்பைப் படியவைத்து, கல்லின் மேலும் கண்ணாடி மேலும் இளஞ்சிவப்பாக, கத்தரிப்பூ நிறமாகப் பூசிக்கொண்டு போகும். கடலில் தளர்ந்த பாறைத் துண்டுகளை ஒட்டவைக்கும் சிமெண்ட் இதுதான். பவளக் குஞ்சுகள் மிதந்து வந்து உட்கார இடம் தேடும்போது, இந்தப் பாசிகளில் சில வகை இருக்கும் இடத்தையே விரும்பித் தேர்கின்றன. முதலில் பாசி, பிறகு பவளம் என்பது கடல் வைத்த வரிசை.

இதை வளர்க்க யாரிடமும் கல் கேட்காதீர்கள். தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், கண்ணாடியில் சுரண்டி எறியும் தூளை ஒரு குப்பியில் கேளுங்கள். காய்ந்த சாதாரணச் சுண்ணாம்புக்கல் அடுக்கி, அந்தத் தூளைத் தூவினால் போதும். தண்ணீரில் லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350, காரத்தன்மை ஜெர்மன் அளவில் 8 முதல் 10 டிகிரி இருக்கவேண்டும். பாஸ்பேட் மிகுந்தால் சுண்ணாம்பு படியாது, ஆகவே மீனுக்குத் தீனியைக் குறையுங்கள். நம் சித்தூர் தாலுகா ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானதுதான், கால்சியம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று நானும் முதலில் நினைத்தேன். அதில் ஃப்ளோரைடும் வேண்டாத உப்புகளும் சேர்ந்தே வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலப்பதே நல்லது.

இங்கே கணவாய்க் காற்று எனக்கு ஒரு உதவி செய்கிறது. தொட்டியின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குளிர்கிறது. ஆவியாகிப் போன அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றாமல் சுண்ணாம்பு நீரை விடுகிறேன். லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுத்தமான சுண்ணாம்பு (வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம்) கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இரவில் சொட்டவிட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் தொட்டி முழுக்கப் பால்போல் வெளுத்து, மீன்களுக்கு ஆபத்து. ஒருமுறை ஊற்றிப் பார்த்தவன் சொல்கிறேன். மூணாறு, தேவிகுளம் பக்கத்து அன்பர்களுக்கு விசிறிக்குப் பதில் ஹீட்டர் வேண்டியிருக்கும். ஏப்ரலில் எங்களைப் போல் தொட்டியருகே உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எனக்கு முதல் சிவப்புப் புள்ளி தெரிய ஐந்து மாதம் ஆயிற்று. கடுகளவு. பேரனுக்குப் போனில் சொன்னேன், அவன் நம்பவில்லை. இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். பின்பக்கக் கண்ணாடி முழுக்கச் சிவந்திருந்தது. மாப்பிள்ளை வெகுநேரம் குனிந்து பார்த்தார். கிளம்பும்போது, காலி ஊறுகாய் பாட்டில் ஒன்று கழுவி எடுத்துவந்து, "கொஞ்சம் சுரண்டிக் குடுங்க மாமா" என்றார்.