ஹார்மோன் மாத்திரையை எல்லா மருத்துவரிடமும் சொல்லுங்கள்

ஸ்கேன் அறிக்கையில் 'கல்லீரலில் கட்டி' என்ற சொற்களைக் கண்டு வருவோர் முதலில் கேட்பது, "இது புற்றுநோயா, டாக்டர்?" என்பதே. தலசீமியாவுக்காகச் சிறுவயது முதல் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் இளம்பெண்ணின் பெற்றோர் அவ்வாறு கேட்டால், நாங்கள் மறுமொழி கூறுமுன் ஒன்று கேட்போம்: "மாதவிடாய்க்காக ஹார்மோன் மாத்திரை ஏதேனும் எடுக்கிறாரா?" பலர் தயங்குகின்றனர். சிலர் அதை ஒரு மருந்தாகவே எண்ணியிருப்பதில்லை.

ஒரு யூனிட் இரத்தத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளது. உடலோ நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் அளவே வெளியேற்றுகிறது. எஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் படிகிறது. அச்சுரப்பி நலிவுற்றால் பருவமடைதல் தாமதமாகும், மாதவிடாய் நின்றுபோகும். அதை ஈடுசெய்யவும் எலும்புகளின் உறுதிக்காகவும் ஈஸ்ட்ரோஜன் தரப்படுகிறது. அதனை நெடுநாள் உட்கொள்வோரில் சிலருக்குக் கல்லீரலில் 'அடினோமா' என்னும் கட்டி தோன்றக்கூடும். கருத்தடை மாத்திரை உட்கொண்ட பெண்களிடம் இத்தொடர்பு 1973-இலேயே மருத்துவ இதழில் பதிவாயிற்று. எலும்பு மஜ்ஜை செயலிழப்புக்குத் தரப்படும் ஆண் ஹார்மோன் வகை மருந்துகளாலும் இது நேரலாம். (உடற்பயிற்சிக் கூடங்களில் இரகசியமாகக் கைமாறும் ஊசிகளும் இவ்வகையினவே.)

அடினோமா புற்றுநோயன்று. எனினும் 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. சில வகைகள் புற்றாக மாறவும் கூடும். ஆண்களிடம் அவ்வாய்ப்பு மிகுதி. இரும்பு மிகுந்த கல்லீரலில் புற்றுநோய் தனியாகவும் தோன்றலாம். ஆதலால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், தேவையெனில் திசுப் பரிசோதனையும் செய்யாமல் 'ஒன்றுமில்லை' என்று நாங்கள் கூறுவதில்லை.

இதில் குறை நோயாளிகளுடையது என்பதைவிட எங்களைப் போன்ற மருத்துவர்களுடையது என்றே கருதுகிறோம். இரத்தவியல் பிரிவு ஃபெரிட்டின் அளவைப் பார்க்கிறது. ஹார்மோன் பிரிவு மாதவிடாயையும் எலும்பையும் பார்க்கிறது. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பவர் அரிது. ஹார்மோன் தொடங்குமுன் ஒரு அல்ட்ராசவுண்டும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் எடுக்கப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. செலவு கூடுமே என்பர். கட்டி வெடித்து நள்ளிரவில் வந்து சேரும் குடும்பத்தின் செலவை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கட்டி என்றதும் ஹார்மோனைத் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு. நிறுத்தினால் அடினோமா சுருங்கக்கூடும் என்பது உண்மையே. ஆனால் நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை இரு பிரிவினரும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும். இரும்பை அகற்றும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் நீங்களாகக் கைவிடாதீர்கள். 'இரத்தம் குறைவு' என்று உறவினர் வாங்கித் தரும் இரும்புச்சத்து டானிக்கும் வேண்டாம்.

வலது மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலியும் தலைச்சுற்றலும் ஏற்பட்டால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். அங்கிருக்கும் மருத்துவரிடம் ஹார்மோன் மாத்திரையின் அட்டையையே காட்டுங்கள்.