பட்டனை அமுக்கினால் பதில் வர வேண்டும்!

இன்டர்நெட் வந்த புதிதில் அதில் என்ன இருந்தது? எழுத்து இருந்தது, படம் இருந்தது. புத்தகத்தைப் புரட்டுவது போலப் பார்க்கலாம். அவ்வளவுதான்! ஒரே ஒரு வரி மாற வேண்டும் என்றாலும் முழுப் பக்கமும் மறையும். திரை வெள்ளையாகும். காத்திருந்தால் முழுப் பக்கமும் மறுபடி வரும்.

இன்று அப்படியா? ரெயில் டிக்கெட் வாங்குகிறோம். பணம் அனுப்புகிறோம். காலேஜுக்கு மனுப் போடுகிறோம். தொட்ட இடம் மட்டும் மாறுகிறது. மற்றது அப்படியே இருக்கிறது. பார்க்கும் பக்கமாக இருந்தது, வேலை செய்யும் கருவியாகிவிட்டது.

இது எப்படி வந்தது?

1999-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி ஒரு வழியைக் கொண்டுவந்தது. பக்கத்தைக் கலைக்காமல், பின்னாலிருந்து செய்தியை மட்டும் வாங்கும் வழி அது. 2004-ல் ஜிமெயிலும், 2005-ல் கூகுள் மேப்பும் அந்த வழியில் வந்தன. மேப்பைப் பிடித்து இழுத்தால், அது கூடவே நகர்ந்தது. உலகம் வியந்தது! 2005-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற அமெரிக்கர் இந்த வழிக்கு "ஏஜாக்ஸ்" என்று பெயர் வைத்தார்.

இன்னொரு வழியும் இருந்தது. அதுதான் பிளாஷ். மேக்ரோமீடியா என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு அது. 2002-ல் அந்தக் கம்பெனிதான் "ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்" என்ற பெயரைப் பரப்பியது. பிளாஷில் படம் ஆடும், பாட்டுப் பாடும், பட்டன் மின்னும். ஆனால், அதை ஓட்டத் தனியாக ஒரு துணைக் கருவியைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். 2005-ல் அடோபி கம்பெனி மேக்ரோமீடியாவை விலைக்கு வாங்கியது.

பிறகு என்ன ஆயிற்று?

2007-ல் ஐபோன் வந்தது. அதில் பிளாஷ் ஓடவில்லை. "2020 முடிவோடு பிளாஷை நிறுத்துகிறோம்" என்று 2017-ல் அடோபி அறிவித்தது. சொன்னபடி நிறுத்தியும்விட்டது.

தென் ஆப்பிரிக்காவின் வரி இலாகாவில் சில படிவங்கள் பிளாஷில் இருந்தன. எல்லாவற்றையும் உரிய காலத்தில் மாற்றி முடிக்கவில்லை. படிவம் திறக்கவில்லை! 2021 ஜனவரியில், அந்தப் படிவங்களைத் திறப்பதற்கென்றே வரி இலாகா தனியாக ஒரு பிரவுசரை வெளியிட்டது. பழைய பூட்டுக்காகத் தனிச் சாவி செய்த கதை இது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. பொதுமக்கள் பயன்படுத்தும் திரையை ஒரு கம்பெனியின் கருவியை மட்டும் நம்பிக் கட்டக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான விதிகள் இருக்கின்றன. எச்.டி.எம்.எல். 5 என்ற விதி 2014-ல் முடிவாயிற்று. அது எந்தக் கம்பெனிக்கும் தனிச் சொத்து அல்ல.

கருவி சரியாக இருந்தால் போதுமா? போதாது. திரைக்குப் பண்பும் வேண்டும்.

முதலாவது, தொட்டவுடன் பதில் வேண்டும். ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் ஒரு கணக்குச் சொன்னார். பத்தில் ஒரு செக்கண்டுக்குள் பதில் வந்தால், உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு செக்கண்டு வரை எண்ணம் கலையாது. 10 செக்கண்டு தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். பணம் அனுப்பும்போது திரை ஊமையாக நின்றால், மனிதன் என்ன செய்வான்? மறுபடியும் அமுக்குவான்! "பொறுங்கள், பணம் போய்க்கொண்டிருக்கிறது" என்று ஒரு வரி வந்தால் பயம் இல்லை.

இரண்டாவது, தவறு வந்தால் எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். 20 கட்டங்களை நிரப்பியவனிடம் "பிழை" என்று மட்டும் சொல்லி, எழுதியதை எல்லாம் அழிப்பது அநியாயம்!

மூன்றாவது, பார்வையற்றவரையும் நினைக்க வேண்டும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கருவிகள் உண்டு. பட்டனுக்குப் பெயர் வைக்காமல் படம் மட்டும் போட்டால், அந்தக் கருவி எதைப் படிக்கும்? நம் நாட்டில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இந்த வசதிகள் அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று சொல்கிறது.

நான்காவது, பாரம் குறைய வேண்டும். முன்பு எங்கோ இருந்த பெரிய கம்ப்யூட்டர் செய்த வேலையில் ஒரு பகுதியை, இன்று நம் கையில் உள்ள செல்போன் செய்கிறது. அலங்காரம் கூடக் கூட, விலை குறைந்த போன் திணறும். அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை முதலில், அலங்காரம் பிறகு!

திரை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டி முடித்ததும், புதிதாக எழுத்துக் கற்ற ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே உங்கள் வேலை பாக்கி இருக்கிறது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. திரை முன்னால் தடுமாறினால் "எனக்குப் படிப்பு இல்லை" என்று தலை குனியாதீர்கள். வாசல் குறுகலாக இருந்தால், குற்றம் வருகிறவர் மேல் இல்லை. கட்டியவர் மேல்தான். "இது புரியவில்லை, மாற்றுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!